போன் திரையில் தெரபி: முதல் செஷனுக்கு முன்னும் பின்னும்

மனநலப் பிரச்சினைகளுக்குப் பேச்சு வழியில் சிகிச்சை தரும் தெரபிஸ்ட்டை நேரில் பார்க்கப் போனால் அறையை அவரே தயார் செய்து வைத்திருப்பார். கதவு சாத்தியிருக்கும், பேசுவது வெளியே கேட்காது, நடுவில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வீடியோ செஷனில் அந்த வேலையில் பாதி உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. முதல் செஷனோடு விட்டுவிடுகிறவர்களிடம் காரணம் கேட்டால் தாழ்ப்பாள் இல்லாத கதவு, பாதியில் நின்றுபோன வைஃபை, ஹாலில் உட்கார்ந்திருந்த மாமனார் என்றும் பதில் வரலாம். எல்லாமே முன்கூட்டியே யோசித்தால் சரிசெய்யக்கூடியவை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு நேரில் நடக்கும் தெரபிக்கும் வீடியோவில் நடக்கும் தெரபிக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை என்றே ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால், 'போனில் பேசி என்ன ஆகிவிடப் போகிறது' என்ற தயக்கத்தை ஒதுக்கிவிட்டு ஏற்பாடுகளைப் பார்ப்போம்.

வழக்கமான செஷன் 45 முதல் 50 நிமிடம். முதல் செஷன் மட்டும் 60, சில இடங்களில் 90 நிமிடம் வரை போகும். பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, ஒரே கிழமை, ஒரே நேரம்.

திரைக்கு அந்தப் பக்கம் யார்?

இதில் குழம்பாதவர்கள் குறைவு. சைக்கியாட்ரிஸ்ட் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர். மருந்து எழுதித் தரும் உரிமை அவருக்கு உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு வழியிலான சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை. இந்தியாவில் அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். அங்கே அவருக்குக் கொடுத்திருக்கும் பதிவு எண்ணை, அதாவது சி.ஆர்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகப் படித்தவர் எண்ணைச் சந்தோஷமாகச் சொல்வார். கவுன்சலர் என்ற பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலைதான் நடைமுறையில் இருக்கிறது. முதுகலை சைக்காலஜியோ சமூகப் பணியோ படித்து, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை செய்கிற நல்ல கவுன்சலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி ஒன்றை முடித்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். என்ன படிப்பு, எத்தனை வருட அனுபவம், யாருடைய மேற்பார்வை என்ற மூன்று கேள்விகளை முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

டாக்டர்கள் வீடியோவில் சிகிச்சை தர இந்தியாவில் 2020 மார்ச் 25 அன்று வெளியான டெலிமெடிசின் நெறிமுறைகள் வழிசெய்தன. வீடியோவில் பார்த்துவிட்டு டாக்டர் அனுப்பும் மருந்துச் சீட்டில் அவருடைய பதிவு எண் இருக்க வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகிற பல மருந்துகளை வீடியோவில் எழுதித் தர அந்த நெறிமுறைகள் அனுமதிப்பதில்லை. 'அந்த மாத்திரைக்கு நேரில்தான் வரணும்' என்று டாக்டர் சொன்னால் அவர் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்.

அறை

இதற்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். நம் வீடுகளில் தனி அறை என்பது பலருக்கு வாய்ப்பதில்லை. அறை இருந்தாலும் கதவைச் சாத்தினால் 'உள்ள என்ன பண்ற?' என்று குரல் வரும். எனவே இடத்தைவிட நேரத்தை முதலில் பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் மற்றவர்கள் வேலைக்கும் போயிருக்கும் காலை 11 மணி, பெரியவர்கள் தூங்கும் பிற்பகல் 3 மணி என்று அவரவர் வீட்டுக்கு ஒரு சந்து கிடைக்கும். அந்த நேரம் தெரபிஸ்ட்டிடம் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

செஷனுக்கு முந்தைய நாள் ஒரு சோதனை. நீங்கள் உட்காரப்போகும் நாற்காலியில் போனை வைத்து, செய்தி வாசிப்பு ஒன்றைச் சாதாரணமாகப் பேசும் சத்தத்தில் ஓடவிடுங்கள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நில்லுங்கள். வார்த்தைகள் புரிகின்றனவா? புரிந்தால் கதவிடுக்கை ஒரு பழைய போர்வையால் அடையுங்கள், ஃபேனைக் கூட்டுங்கள், கதவுக்கு வெளியே டி.வி.யோ ரேடியோவோ ஓடட்டும். அறைக்குள் பாட்டுப் போடாதீர்கள். மைக் அதையும் சேர்த்து இழுத்து உங்கள் குரலை விழுங்கிவிடும். மொட்டை மாடி பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் காற்று மைக்கில் 'புர்ர்' என்று மோதும், அடுத்த மாடியில் துணி காயப்போட வருகிறவர் காதில் எல்லாம் விழும். நிழலில் நிறுத்திய கார் அதைவிட நல்லது. வண்டியை ஓட்டிக்கொண்டே செஷனில் பேசுவது மட்டும் கூடவே கூடாது. தெரபிஸ்ட்டும் அதைப் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

வாய்விட்டுச் சொல்ல முடியாத வார்த்தையை சாட் பெட்டியில் தட்டலாம். ஒரு பெயரையோ ஒரு சம்பவத்தையோ மட்டும் எழுத்தில் அனுப்பிவிட்டு, மீதியை 'அது', 'அவர்' என்றே பேசி முடிக்கிறவர்கள் உண்டு. யாராவது சட்டென்று உள்ளே வந்தால் என்ன செய்வது என்பதையும் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'அந்த ஃபைலை அப்புறமா அனுப்பறேன் மேடம்' என்று நீங்கள் சொன்னால் அவர் உடனே பேச்சை நிறுத்திவிட வேண்டும், அல்லது வானிலை, வேலை என்று பொதுவாகப் பேச வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மா காபி வைத்துவிட்டுப் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

வீட்டாருக்குச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்ல முடிகிற வீடு என்றால் சொல்லிவிடுவது நல்லது. வாரா வாரம் 'ஆபீஸ் கால்' என்று பொய் சொல்வதே தனிப் பாரமாகிவிடும். சொல்ல முடியாத வீடு என்றால் வேறு சில ஓட்டைகளையும் அடைக்க வேண்டும். செஷன் நேரம் கூகுள் காலண்டரில் பதிவாகும். அதே கணக்கு வீட்டு டேப்லெட்டில் திறந்திருந்தால் நினைவூட்டல் அங்கேயும் வந்து நிற்கும். கூட்டுக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. கட்டினால் கிளினிக் பெயர் பாஸ்புக்கில் ஏறும். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் திறந்து கிடந்தால் தெரபிஸ்ட்டின் செய்தி அங்கே பளிச்சென்று தெரியும்.

போன், டேட்டா, மின்சாரம்

லேப்டாப் இருந்தால் நல்லது, போனே போதும். ஆனால் கையில் பிடித்துக்கொண்டு 50 நிமிடம் பேச முடியாது. கை வலிக்கும், படம் ஆடும், உங்கள் கவனம் முழுக்கக் கையில் இருக்கும். நாலைந்து தடிப் புத்தகங்களை அடுக்கி, போனைப் படுக்கைவாட்டில் ஓர் எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து, கேமரா கண்மட்டத்துக்கு வரும்படி வையுங்கள். ஒரு கை நீளத் தூரம் இருந்தால் முகத்தோடு தோளும் தெரியும். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நீங்கள் கறுப்பு நிழலாகத்தான் தெரிவீர்கள். எதிரே இருக்கும்படி திரும்பி உட்காருங்கள்.

சாதாரணத் தரத்தில் ஒரு செஷனுக்கு ஏறக்குறைய அரை ஜி.பி. டேட்டா போகும், தெளிவான படம் என்றால் ஒரு ஜி.பி.யை நெருங்கும். தினம் 1.5 ஜி.பி. பேக் போட்டிருப்பவர்கள் மாலை 7 மணி செஷனுக்கு முன் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிட்டால் வேகம் சரிந்து படம் உறைந்துவிடும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் சேர்க்காத வைஃபை ரவுட்டரும் கூடவே போகும். எனவே மொபைல் டேட்டாவை மாற்று வழியாக வைத்திருங்கள், போனில் குறைந்தது பாதி சார்ஜாவது இருக்கட்டும்.

அடிக்கடி நேரும் இரண்டு விபத்துகள். ஒன்று, செஷன் நடுவே வரும் சாதாரண போன் அழைப்பு. அது மைக்கைப் பறித்துக்கொள்ளும். நீங்கள் உடைந்து பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் ஒன்றுமே கேட்காது. ஃப்ளைட் மோடில் போட்டு, பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்தால் இது வராது, போனில் வைஃபை காலிங் அணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் லைன் அறுந்தால் தெரபிஸ்ட் உங்கள் நம்பருக்குக் கூப்பிடுவார். அப்போது ஃப்ளைட் மோடை எடுக்க மறக்கக் கூடாது. இரண்டாவது இன்னும் மோசம். புளூடூத் ஆனில் இருந்து, போன் தானாகவே ஹாலில் உள்ள ஸ்பீக்கரோடு இணைந்துவிட்டால், தெரபிஸ்ட்டின் குரல் வீடு முழுக்க ஒலிக்கும். புளூடூத்தை அணைத்துவிட்டு, நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் இயர்போனை மாட்டுங்கள். சார்ஜ் தீராது, வேறெதனோடும் இணையாது.

முதல் பத்து நிமிடம்

கஷ்டத்தைக் கேட்பதற்கு முன்னால் தெரபிஸ்ட் சில வறண்ட கேள்விகள் கேட்பார். 'நான் பேசறது தெளிவா கேக்குதா? இப்ப எந்த ஊர்ல, எந்த விலாசத்துல இருக்கீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா? லைன் கட்டானா எந்த நம்பருக்குக் கூப்பிடலாம்? அவசரம்னா நான் யார்கிட்ட பேசணும்?'

விலாசம் எதற்கு என்று சிலர் சந்தேகப்படுவார்கள். நீங்கள் தேனியில் இருக்கிறீர்கள், அவர் சென்னையில் இருக்கிறார். நடுவில் உங்களுக்கு ஏதாவது ஆனால் 108 ஆம்புலன்ஸை எங்கே அனுப்பச் சொல்வார்? அதற்காகத்தான் ஒவ்வொரு செஷனிலும் இதே கேள்வி திரும்ப வரும். போன வாரம் வீட்டில் இருந்தவர் இந்த வாரம் விடுதியில் இருக்கலாம். அவசரத் தொடர்புக்குக் கொடுக்கும் பெயர், உங்களுக்கு நம்பிக்கையானவராக இருக்க வேண்டும். சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

லைன் அறுந்தால் யார் மறுபடி கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள் வீடியோ திரும்பாவிட்டால் சாதாரண போன் அழைப்பில் மீதியை முடிப்பது நல்ல ஏற்பாடு. இதைப் பேசி வைக்காவிட்டால் இருவரும் ஒரே சமயத்தில் மாறி மாறிக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் 'பிஸி' என்று வரும்.

செஷனைப் பதிவு செய்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் பதிவு செய்யக் கூடாது. நீங்களும் அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள்.

பிறகு ஒரு கேள்வித்தாள் வரலாம், பெரும்பாலும் முன்பே லிங்காக வந்திருக்கும். மனச்சோர்வுக்கு 9 கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9, பதற்றத்துக்கு 7 கேள்விகள் கொண்ட ஜி.ஏ.டி-7. இரண்டுமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்பவை. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். முதலாவதில் அதிகபட்சம் 27, இரண்டாவதில் 21. இது பரீட்சையும் இல்லை, நோய் இன்னதென்று சொல்லும் தீர்ப்பும் இல்லை. இன்று 16 என்றால் ஆறு வாரம் கழித்து எவ்வளவு என்று ஒப்பிடுவதற்கான அளவுகோல். பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்பது. தயவுசெய்து இதற்கு உண்மையான பதிலைக் கொடுங்கள். 'ஆமாம்' என்றால் போலீஸ் வரும், கேஸ் ஆகும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. எண்ணம் வருவதைச் சொல்வது குற்றமே இல்லை. முயற்சி செய்தவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றுதான் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.

திரை செய்யும் சில குழப்பங்கள்

தெரபிஸ்ட் உங்களைப் பார்க்காமல் கீழே பார்ப்பதுபோலத் தோன்றும். அவர் திரையில் உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கேமரா அதற்கு மேலே இருக்கிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் பார்வை போனால் பெரும்பாலும் குறிப்பு எடுக்கிறார். சந்தேகமாக இருந்தால் 'எழுதறீங்களா?' என்று கேட்டுவிடலாம்.

உங்கள் முகமே ஓரத்தில் தெரிந்துகொண்டிருப்பது பலருக்கு உபத்திரவம். அழும்போது மூக்கு சிவப்பதைப் பார்த்ததும் அழுகை நின்றுவிடும். ஜூமிலும் கூகுள் மீட்டிலும் உங்கள் படத்தை மறைக்க வழி இருக்கிறது. இல்லாத செயலியில் அந்த மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டுங்கள்.

மௌனம்தான் கடினம். நேரில் தெரபிஸ்ட் பேசாமல் இருந்தால் யோசிக்க நேரம் தருகிறார் என்று புரியும். திரையில் அதுவே நெட் நின்றதுபோல இருக்கும். அவர் கண் சிமிட்டுகிறாரா என்று பாருங்கள். சிமிட்டினால் லைன் இருக்கிறது, நிதானமாகப் பேசலாம். குரல் ஒரு நொடி தாமதமாகப் போவதால் இருவரும் ஒரே நேரத்தில் பேச்சைத் தொடங்கி முட்டிக்கொள்வதும் நடக்கும். லேசாகக் கையை உயர்த்திவிட்டுப் பேசுவது என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது செஷனுக்குள் பழகிவிடும்.

அவருக்குத் தெரிவது உங்கள் மார்புக்கு மேலே மட்டும். கால் ஆடுவதும் விரல் நகத்தைப் பிய்ப்பதும் அவர் கண்ணில் படாது. எனவே வாயால் சொல்ல வேண்டும்: 'இதைச் சொல்றப்ப கால் நடுங்குது', 'அடிவயிறு கலங்குது', 'நெஞ்சை அடைக்குது'. ஆங்கிலப் பெயர் தேட வேண்டியதில்லை. இந்தத் தமிழ்தான் அவருக்குத் துல்லியமான தகவல். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுகிறவர்களில் பலருக்கும் கோபமும் அவமானமும் தாய்மொழியில்தான் வரும். முன்பதிவின்போதே தமிழ் பேசுகிறவரைக் கேட்டு வாங்குங்கள்.

நேரில் கிடைக்காத ஒரு வசதியும் இதில் இருக்கிறது: தெரபிஸ்ட் உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார். ஓ.சி.டி., அதாவது வேண்டாத எண்ணத்தால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பிரச்சினை உள்ள ஒருவர் இரவில் பூட்டைப் பதினைந்து முறை இழுத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் அந்தப் பூட்டு இல்லை. வீடியோவில் போனோடு கதவுக்கே போகலாம். ஒரே ஒரு முறை பூட்டி, திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார வேண்டும். பதற்றம் 100-க்கு எவ்வளவு என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவர் கேட்பார். 80, 85, 75, 60 என்று நீங்கள் சொல்லச் சொல்ல, பூட்டைத் தொடாமலேயே பதற்றம் இறங்கக்கூடியது என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. சில நாள் அது இறங்காமலே இருக்கும். அதோடு உட்கார்ந்திருக்க முடிகிறது என்பதும் பாடம்தான். இந்தப் பயிற்சியில் எத்தனை படி, எந்த வரிசை என்பதை இருவரும் பேசித்தான் தீர்மானிப்பார்கள். யாரும் உங்களைத் தள்ளிவிடக் கூடாது.

ரகசியம் எதுவரை?

பேசுவது வெளியே போகாது. ரகசியம் உங்கள் உரிமை என்று அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. விதிவிலக்குகளை முதல் செஷனிலேயே தெரபிஸ்ட் சொல்லிவிட வேண்டும். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் கேட்டால் அவர் பேசியாக வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் கொடுமை நடப்பது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி அவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். நீங்கள் கட்டணம் கட்டாமல் அப்பா கட்டினாலும், என்ன பேசினீர்கள் என்று வயது வந்த உங்களைப் பற்றி அவரிடம் சொல்லக் கூடாது.

எப்போது வீடியோ போதாது?

உயிரை மாய்த்துக்கொள்ளும் திட்டம் கையில் இருக்கும்போது, இல்லாத குரல்கள் கேட்டு நிலை தடுமாறும்போது, குடியை நிறுத்தியதும் கை நடுக்கமோ வலிப்போ வரும்போது வீடியோ செஷனுக்காகக் காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அடிக்கிறவர் அதே வீட்டில், அதே சுவருக்கு அப்பால் இருக்கிறார் என்றாலும் வீட்டிலிருந்து பேசுவது ஆபத்து. இடத்தை மாற்றிய பிறகே பேச வேண்டும், பெண்களுக்கு 181 உதவி எண் இருக்கிறது. எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேச இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 உள்ளது. 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. இலங்கையில் இருப்பவர்கள் அழைக்க வேண்டிய எண் 1926.

கட்டணமும் வெளிநாடும்

சில நூறு ரூபாயிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் வரை இடத்துக்கும் படிப்புக்கும் தக்கபடி கட்டணம் மாறும். பணம் பெரும்பாலும் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். செஷனுக்கு 24 மணி நேரம்கூட இல்லாதபோது ரத்து செய்தால் பல இடங்களில் திரும்பக் கிடைக்காது. நெட் பிரச்சினையால் அரை செஷன் போனால் என்ன கணக்கு என்பதையும் கேட்டு வையுங்கள். பத்து செஷன் பேக்கேஜ் மலிவாகத் தெரியலாம். முதல் இரண்டு செஷனுக்குத் தனித்தனியாகக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு சென்னைத் தெரபிஸ்ட்டிடம் பேச நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே உரிமம் மாநில வாரியானது. பேசுகிற நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதே பொதுவாகக் கணக்கு. சென்னைத் தெரபிஸ்ட்டுக்கு அங்கே உரிமம் இருக்காது, காப்பீடும் செல்லாது. உங்கள் மாநிலத்தில் உரிமம் பெற்ற, தமிழ் பேசுகிற ஒருவரை முதலில் தேடிப் பாருங்கள். இந்தியத் தெரபிஸ்ட்டோடுதான் என்றால், அவர் வெளிநாட்டில் உள்ளவரை எடுத்துக்கொள்வாரா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரம் மாறும், இங்கே மாறாது. அந்த வாரம் ஒரு மணி நேரம் தவறிப்போவது வழக்கம்.

செஷன் முடிந்த பிறகு

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது பேருந்தில் அரை மணி நேரம் கிடைக்கும். வீடியோவில் சிவப்புப் பொத்தானை அழுத்திய மறுநொடி 'ரசம் கொதிச்சிருச்சா பாரு' என்று குரல் வரும். அதனால் செஷனுக்குப் பின் 15 நிமிடத்தைச் சேர்த்தே ஒதுக்குங்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, தெருமுனை வரை நடந்துவிட்டு வாருங்கள். அவர் கொடுத்த வீட்டுப்பாடத்தை அப்போதே ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை கொஞ்சம் சோர்வாகவோ கனமாகவோ இருப்பது சகஜம். இரண்டு மூன்று நாள் ஆகியும் தூக்கம் கெட்டே இருந்தால் அடுத்த செஷன் வரை காக்காமல் செய்தி அனுப்புங்கள்.

நான்காவது செஷன் வாக்கில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எதற்காக வந்தோம், அதில் எது கொஞ்சமாவது நகர்ந்திருக்கிறது? கேள்வித்தாளை மறுபடி நிரப்பச் சொல்லியும் கேட்கலாம். ஒன்றும் நகரவில்லை, அல்லது இவரிடம் மனம் திறக்கவே வரவில்லை என்றால் அதை அவரிடமே சொல்லுங்கள். நல்ல தெரபிஸ்ட் கோபப்பட மாட்டார். முறையை மாற்றுவார், இல்லையென்றால் வேறொருவர் பெயரைச் சொல்வார். நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்த இரண்டு வரி போதும்: 'வணக்கம் மேடம், அடுத்த செஷனோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன். புது தெரபிஸ்ட்டுக்குக் கொடுக்க ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தர முடியுமா?' அந்தச் சுருக்கம் கையில் இருந்தால், புதியவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.